மயில்துத்தம் நீலமான அன்று

தேவகி திருடவில்லை. தப்பு செய்தவன் நான். அது தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதவனும் நானே!

தண்டலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் வேதியியல் வாத்தியார். மண்ணூர்க்காரியான தேவகி எங்கள் லேப் அட்டெண்டர். அந்தப் பள்ளியிலேயே என் ஜோக்குகளுக்குச் சிரித்த ஒரே ஜீவன்... அதையும் சந்தேகப்பட்டேன். காரியம் இல்லாமல் ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா?

அன்று ப்ளஸ் ஒன் வகுப்பு. பளிங்குக்கல்லில் அமிலம் விட்டு, வரும் கார்பன் டை ஆக்சைடைச் சுத்தம் செய்து காட்டவேண்டும். கூடவே வரும் அமில ஆவியைச் சோடாக் கரைசல் பிடித்துக்கொள்ளும். பிறகு ஈரத்தை அடர் கந்தக அமிலம் உறிஞ்சும். கடைசிக் குழாயில் வறுத்த மயில்துத்தம், அதாவது காப்பர் சல்ஃபேட்; ஈரம் பட்டால் நீலமாகிவிடும், வெள்ளையாகவே இருந்தால் வாயு உலர்ந்துவிட்டது என்று பொருள்.

நீலமானது! பையன்கள் சிரித்தார்கள்.

என்ன நினைத்தேன் தெரியுமா உங்களுக்கு? யாரோ கந்தக அமிலத்தை விற்றுவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறார்கள்... அலமாரிச் சாவி யாரிடம்? தேவகியிடம்! முந்தின நாள் சீக்கிரம் கிளம்பினாளே, ஏன்? கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதுல தண்ணி ஊத்துனா கொதிச்சி மூஞ்சில அடிக்கும்னு நீங்கதான சார் சொன்னீங்க? நா இன்னா லூசா?" என்றாள்.

படித்த எனக்கு அது உறைக்கவில்லை. நேராகத் தாளாளரிடம் போனேன். மறுநாள் அவள் வேலையில் இல்லை.

அடுத்த வாரம் கழுவுவதற்காகக் குப்பிகளைப் பிரித்தேன். அமிலக் குப்பி முன்னால், சோடாக் குப்பி பின்னால்... காய்ந்த வாயுவை நானே மறுபடி நனைத்து அனுப்பியிருக்கிறேன்! மாட்டியவன் நானேதான். இடம் மாற்றி வகுப்பில் மறுபடி செய்து காட்டினேன். துத்தம் வெள்ளையாகவே நின்றது.

"அந்தம்மா போனதும் எல்லாம் சரியாயிடுச்சு, பாத்தீங்களா சார்?" என்றார் தாளாளர்.

தலையாட்டினேன். வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை... சிரிப்பார்களே என்ற பயம். அதுவும் யாருக்கு? ஊரைச் சிரிக்கவைப்பதாகப் பீற்றிக்கொள்பவனுக்கு!

இரண்டு வருடம் கழித்து, ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகத் தேவகி நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப ஃபேக்டரி லைன்ல கீறேன் சார். ஷிஃப்ட் முடிஞ்சா கேட்ல தடவிப் பாத்துட்டுதான் வுடுவாங்க."

"கஷ்டமா இல்லையா?"

"இன்னா கஷ்டம்? அங்க எல்லாரையும்தான பாக்கறாங்க... என்னை மட்டும் இல்லியே."

சொல்லிவிடு என்றது மனம். "பஸ் லேட்டாம்மா?" என்று கேட்டேன்.

அவள் போன பிறகு அரித்தது... தப்பு என்னுடையது என்று தெரிந்துதான் சொன்னாளோ? இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுவிடுவாளோ!