குடம் நழுவிய காட்சி

எங்கள் அப்பா ஒரே ஒரு படத்தில் நடித்திருக்கிறார். அண்ணன் மதுரைக் கல்லூரியில் விஸ்காம் படித்தபோது, வசனமே இல்லாமல் சிரிக்க வைக்கும் குறும்படம் ஒன்று எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் அப்போது எங்கள் ஊர் பரளச்சியில் ஏழாம் வகுப்பு.

கதை அண்ணனுடையதுதான். தண்ணீர் லாரி வந்து போனபின் ஒருவர் நிறைகுடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் ஒரு வாய் தண்ணீர் கேட்கிறார்கள். இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். வாசலுக்கு வரும்போது அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அதைச் சிந்தாமல் மனைவி கையில் இறக்கிக் கொடுக்க வேண்டும், அவள் உள்ளே எட்டிப் பார்த்து முறைக்க வேண்டும். இதற்காக அண்ணன் வீட்டுத் தரையெல்லாம் சாக்பீஸால் கட்டம் போட்டு ஒவ்வொரு காட்சியையும் வரைந்து வைத்திருந்தான். அம்மா விளக்குமாற்றோடு வந்தால், "கதைய அழிச்சிராதம்மா" என்று கத்துவான்.

நாயகனுக்கு வெளியே ஆள் தேடவில்லை. அப்பா அருப்புக்கோட்டைக்கு மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். மனைவியாக அம்மா. முறைப்பதற்கு அம்மாவுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

கடைசிக் காட்சியில்தான் அது நடந்தது. குடத்தை இறக்கி நீட்டும்போது அப்பாவின் வலது கை விட்டுவிட்டது. தண்ணீர் அம்மாவின் சேலையில் கொட்டியது. அப்பா இன்னும் குடத்தைக் கொடுக்கிற முகத்தோடேயே நின்றார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மா ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"யப்பா, இதுதாம்ப்பா படமே! இன்னொரு தடவ இதே மாதிரி போடுங்க" என்றான் அண்ணன். அப்பா போட்டார். வேண்டுமென்றே போட்டது அப்பட்டமாகத் தெரிந்தது. சரி, கீழே போடாமலே எடுப்போம் என்றால், மறுபடி நழுவியது. போடச் சொன்னால் நடிக்கிறார், பிடிக்கச் சொன்னால் போடுகிறார் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் முதலில் எடுத்ததையே வைத்துக்கொண்டான்.

கல்லூரியில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி அலசினார்களாம். அடுத்த விடுமுறைக்குக் கோட்டையைப் பிடித்தவன் போல வந்து இறங்கியவன், எங்களுக்கும் போனில் போட்டுப் பாடம் நடத்தினான்.

"நடிக்கிறவனுக்குக் கீழ போடப்போறது முன்னாடியே தெரியும். மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அப்பா மூஞ்சியப் பாருங்க. கை விட்டது மூஞ்சிக்கே தெரியல. அதாஞ் சிரிப்பு வருது."

"இந்த வித்தையெல்லாம் இவுக எங்க படிச்சாக?" என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. "அந்த எடத்தத் திரும்பப் போடு" என்றார். போட்டதும், இன்னொரு முறை போடச் சொன்னார். புகழ் தலைக்கு ஏறிவிட்டது என்று நாங்கள் கேலி செய்தோம்.

அண்ணன் படத்தை அப்பாவின் போனிலும் ஏற்றிவிட்டுப் போனான். ஒரு மாலை பள்ளி விட்டு வந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டு, கை விடுகிற இடத்தில் நிறுத்தித் தரச் சொன்னார். நிறுத்தினேன். போனைப் பார்த்தபடியே தன் வலது கையை விரித்து விரித்து மூடினார். விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

"அடுத்த படத்துக்குப் பழகுறீகளாப்பா?"

போனை அணைத்து மடியில் வைத்தார். "ஆமா தாயி. அம்மாட்ட மட்டும் சொல்லிராத."

அந்த மாதமே பஸ் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வரும் அளவுக்கு என்ன கொழுப்பு என்று அம்மா கத்தி ஓய்ந்தாள். "வண்டி நெறையச் சனம் ஏறுது. இனிமே சரிப்படாது" என்றார்.

நரம்பு செத்துக்கொண்டே போகிற நோய் என்று மதுரை டாக்டர்கள் பின்னால் சொன்னார்கள். கைக்குப் பிறகு கால் போனது, பிறகு பேச்சு. நான் பத்தாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அந்தப் படத்தை இன்றுவரை என்னால் பார்க்க முடியவில்லை. வீடே சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், நடுவில் ஒரு மனிதர் தன் கையைப் பார்த்துப் பயந்துபோய்த் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், எங்கள் அப்பா பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டுச் சினிமாவில் நடிக்கப் போகிறார் என்று வகுப்பில் ஒருத்தி விடாமல் சொல்லித் திரிந்தேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.