என் சிவப்பு டேக்கும் ஏழுமலையின் பிராக்கெட்டும்

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் என் வேலை. சப்ளையர்கள் அனுப்பும் சரக்கைச் சோதித்து, சரியில்லாததற்குச் சிவப்பு டேக் கட்டித் திருப்பி அனுப்புவேன். ஒருநாள் ஹெச்.ஆர். தம்பி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிஸ்கட் தட்டை நீட்டினார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“நீங்களே ரிசைன் பண்ணிட்டா உங்களுக்குத்தான் சார் நல்லது.”

என் நல்லதில் அவருக்கு அத்தனை அக்கறை! மறுத்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள் என்று புரிந்தது. கையெழுத்துப் போட்டேன். மகள் இன்னும் காலேஜ் முடிக்கவில்லை, எனக்கோ வயது ஐம்பதை நெருங்குகிறது. இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று பயந்துபோனேன்.

மறுநாள் நடந்ததுதான் கூத்து. பழக்க தோஷத்தில் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு படப்பையில் கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தூங்குவதுபோல் நடித்தார்கள். கேட்டில் இறங்கி, ஐ.டி. கார்டைத் தேடிக் கழுத்தைத் தடவினேன். அதைத்தான் நேற்றே வாங்கிக்கொண்டார்களே!

அவமானத்தை மறைக்க எதிர் டீக்கடைக்குப் போனேன். அங்கே பிள்ளைப்பாக்கம் ஏழுமலை நின்றிருந்தார். இரும்புத் தகட்டை வெட்டி வளைக்கும் சின்ன பிரஸ் ஷாப் முதலாளி, எங்கள் கம்பெனிக்கு பிராக்கெட் சப்ளை செய்பவர். என்னிடம் சிவப்பு டேக் வாங்கி வாங்கியே நொந்தவர்.

“இன்னா சார், உங்களத் தூக்கிட்டாங்களாமே?”

“ஆமா ஏழுமலை. சந்தோஷந்தானே?”

“சந்தோஷந்தான். நான் வண்டில ஏத்திகினு வர்றது, நீங்க டேக் போட்றது, நான் திருப்பி எடுத்துகினு போறது... பேஜாராயிட்சி சார். இனிமே நம்ம ஷாப்லயே இருந்து ரிஜெக்ட் பண்ணுங்க. டீசலாவது மிச்சமாவும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ ரொம்பச் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சேர்ந்த அன்றே சோதனை வந்தது. வண்டியில் ஏற்றத் தயாராக இருந்த பிராக்கெட்டுகளின் ஓரமெல்லாம் பிசிறு. தொட்டால் கையைக் கிழிக்கும். சம்பளம் கொடுக்கப்போகிறவரின் சரக்காயிற்றே, கண்டும் காணாமல் விடலாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். அப்புறம் முழு லாட்டுக்கும் டேக் கட்டினேன்.

ஏழுமலை டேக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வேலையும் போச்சு என்று டிபன் பையைக் கையில் எடுத்தேன்.

“டேய், சாருக்கு ஒரு சேர் எடுத்தாங்கடா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “நின்னுகினே இவ்ளோ தள்றாரு. குந்தினா இன்னா பண்ணுவாரோ!”

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். வேலை போனவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மனசு கசந்து போனில் நம்பர்களை அழிக்கும்போது, உங்களோடு அதிகம் சண்டை போட்டவரின் நம்பரை மட்டும் விட்டுவையுங்கள். நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்று நண்பர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.