அப்பா போன கோயில்

இன்று நானாட்டான் பஸ்ஸில் இருந்தபடி முகநூலைத் திறந்தால், அப்பாவின் படம். எங்கள் படகுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், பத்து நாள் சுவிசேஷ ஊழியத்துக்கு மன்னார் வந்தவர்கள், போட்ட பதிவு. 'இந்த மீனவர் இயேசுவை அறியாதவர். இவருடைய இரட்சிப்புக்காக உபவாசம் இருக்கிறோம்.'

என் அப்பாவின் பெயர் சூசை. அவர்களுடைய வேதாகமத்திலும் இருக்கிறார், யோசேப்பு என்ற பெயரில்.

போன ஞாயிறு காலை, கடலில் நின்று ஜெபிக்க வேண்டும் என்று படகு கேட்டு வந்தார்கள். அப்பா சொன்னார்: "இண்டைக்கு ஏலாது பிள்ளையள், கோயிலுக்குப் போகோணும். நாளைக்கு வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

கோயில் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. எந்தக் கோயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் பிள்ளையார் கோயிலுக்கே போயிருந்தாலும் இவர்களுக்கு என்ன?

பஸ்ஸில் இருந்தே அவர்களுடைய குழுத்தலைவருக்கு அழைத்தேன். "அண்ணா, நாங்கள் கோயில் எண்டு சொல்லுறது மாதா கோயிலை. அப்பா பூசைக்குப் போனவர். அந்தப் பதிவை அழியுங்கோ."

அவர் சொன்னார்: "மன்னிக்கோணும் தங்கச்சி. ஆனா அந்த உபவாசத்தில எங்கட பிள்ளையளின்ர விசுவாசம் நல்லா வளர்ந்திருக்கு. அது அப்பிடியே இருக்கட்டுமே."

அப்படியேதான் இருக்கிறது. கீழே வரிசையாக ஆமென் போடுகிறார்கள்.

நாளை ஞாயிறு. அப்பா மறுபடியும் கோயிலுக்குப் போவார். அந்தப் பிள்ளைகள் இன்னும் எத்தனை நாள் பட்டினி கிடப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.