இரண்டு பாஸ்போர்ட்டும் உள்ளே இருந்தபோது

விரலால் தடவிப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாத தொழில் என்னுடையது. பதினேழு வயதில் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தேன், தோல் பதனிடும் இடத்தை ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஓர் ஆட்டுத் தோலை நீவிப் பார்த்தே அது எத்தனை நாள் சுண்ணாம்பில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். பேய், ஜின், செய்வினை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்குத் தர்காவுக்குப் போவதுகூட நெய்ச்சோற்றுக்காகத்தான், அதை என் மனைவியிடமே சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தாய்லாந்தில், பாங்காக்கை ஒட்டிய ஓர் ஊரில், தோல் கம்பெனியில் சாயம் ஏற்றும் பகுதிக்கு மேற்பார்வையாளராகப் போனேன். வருடத்துக்கு ஒரு தடவை விசாவை நீட்டித்து பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். அந்த முத்திரை இருந்தால்தான் அங்கே நான் ஆள், இல்லாவிட்டால் இல்லை. மனைவி ஷகிலா பேகம்பூரில் அவள் அம்மாவோடு இருந்தாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இரண்டு தடவை குழந்தை தங்காமல் போனது, இரண்டு தடவையும் நான் ஊரில் இல்லை, போனில்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை அவள் ரொம்பப் பேசவில்லை. அடுத்த தடவையாவது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். இருப்பேன் என்று சொன்னேன். போனில் சொல்வது சுலபம்தானே.

இரண்டாயிரத்து நான்கில் அவளுக்கு மறுபடியும் எட்டாவது மாதம். ஒரு மாதம் முன்னாலேயே போய்விடலாம் என்று லீவு வாங்கினேன். பாஸ்போர்ட் காலாவதி ஆகிற நேரம் என்பதால் தூதரகத்தில் கொடுத்துப் புதியது வாங்கினேன். பழையதன் முனையை வெட்டி, இனிச் செல்லாது என்று முத்திரை குத்திக் கூடவே தந்தார்கள். புதியதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. என் போட்டோ இருந்தது, கையெழுத்து இருந்தது, அதற்குப் பிறகு கடைசிப் பக்கம்வரை வெறும் தாள். விசா, அந்த வருடத்து நீட்டிப்பு, நான் நாட்டுக்குள் வந்த தேதி, எல்லாமே செத்துப்போன பழைய புத்தகத்தில். அவற்றையெல்லாம் இமிகிரேஷன் ஆபீஸில் புதியதற்கு மாற்றி வாங்க வேண்டும், கூடவே திரும்பி வருவதற்கு ஓர் அனுமதி முத்திரையும் போட வேண்டும். அது இல்லாமல் விமானம் ஏறினால் நீட்டிப்பு போய்விடும், வேலையும் போய்விடும்.

வியாழக்கிழமைக்கு டிக்கெட். திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போனேன். எங்கள் கம்பெனியில் காகித வேலைகளைப் பார்க்கிற பிம் என்ற தாய்லாந்துப் பெண் துணைக்கு வந்திருந்தாள். முந்தின நாள் சந்தையில் வாங்கிய ஊதாச் சட்டையைப் போட்டிருந்தேன், பாக்கெட்டில் குட்டியாக ஒரு யானை தைத்திருக்கும். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கவுன்ட்டரில் இருந்தார். இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். நான் கடைசியாக நாட்டுக்குள் வந்த முத்திரையில் தேதி கலைந்திருந்தது. தப்பு என்னுடையதுதான், வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு போய் சாயத் தண்ணீரில் நனைத்திருக்கிறேன். பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும், மதியத்துக்கு மேல்தான் ஆகும் என்று அந்த அம்மாள் பொறுமையாகச் சொல்லி இரண்டையும் உள்ளே அனுப்பிவிட்டார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழையது செல்லாது, புதியதில் ஒன்றுமில்லை, இரண்டுமே என் கையில் இல்லை. யாராவது வந்து நீ யார் என்று கேட்டால் காட்டுவதற்கு எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கவுன்ட்டர்களை மூடினார்கள். பிம் சாப்பிடக் கூப்பிட்டாள், எனக்குப் பசியில்லை, நீ போய்விட்டு வா என்றேன். காரணமே இல்லாமல் ஷகிலா ஞாபகம் வந்தது. வந்தது என்றால் சும்மா வரவில்லை, நெஞ்சில் கை வைத்து அழுத்துகிற மாதிரி வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டரை.

நம்பினால் நம்புங்கள், அதற்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிவது பிம்மின் முகம்தான். என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் ஒன்று நாற்பது. தூங்கிவிட்டேன் போலிருக்கிறது என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவள் பன்னிரண்டே முக்காலுக்கே திரும்பி வந்துவிட்டாளாம். நாற்காலியில் ஆள் இல்லை, துண்டுச் சீட்டு மட்டும் கிடந்ததாம். கழிப்பறைப் பக்கம், கீழே காபிக் கடை, வாசல் எல்லா இடத்திலும் தேடிவிட்டு அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பாரத்தை நிரப்பக் குனிந்து நிமிர்ந்தால் நான் உட்கார்ந்திருக்கிறேனாம், உடம்பெல்லாம் வியர்வையோடு. அவளுக்கு என் மேல் கோபம், எங்கே போனாய் என்று கேட்டால் எங்கும் போகவில்லை என்கிறேனே. அப்புறம் என் கையைக் காட்டினாள். வலது கைச் சட்டை விளிம்பில் ஈரமாக ஒரு கறை, பழுப்பும் சிவப்புமாக. சாயப் பட்டறைக்காரனுக்குக் கறை பெரிய விஷயமா? குழாயடியில் கசக்கிக் கழுவிவிட்டு வந்தேன். அது நேற்று வாங்கிய சட்டை, பட்டறைப் பக்கமே போகாத சட்டை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மணிக்கு அந்த அம்மாள் கூப்பிட்டார். தேதி கிடைத்துவிட்டது. விசா, நீட்டிப்பு, வந்த நாள், திரும்பி வரும் அனுமதி என்று எல்லாவற்றையும் புதிய பாஸ்போர்ட்டில் ஒவ்வொன்றாகக் குத்திக் கையெழுத்துப் போட்டு, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று சிரித்தபடி நீட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஷகிலாவுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று அறைக்குப் போகிற வழியில் போன் கடையில் புகுந்து வீட்டுக்குப் போட்டேன். ரொம்ப நேரம் மணியடித்த பிறகு அவள் தம்பி அமீர் எடுத்தான்.

"எங்க போயிட்டீக மச்சான்? மத்தியானத்துல இருந்து ஒங்களத் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. என்னடா ஆச்சு என்று கேட்டேன்.

"என்ன ஆச்சா? பொம்பளப் புள்ள மச்சான். எட கம்மியாம், கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காக. அக்கா நல்லாருக்கு. மருந்து வாங்கியாரேன்னு நர்ஸம்மாட்ட சொல்லிட்டுப் போன ஆளு, எங்கேயிருந்து பேசுறீக?"

"நான் பாங்காக்குல இருந்து பேசுறேன் அமீரு."

"வெளாடாதீக மச்சான்" என்றான். அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

டிக்கெட்டை முன்னால் மாற்றக் கிடைக்கவில்லை, வியாழக்கிழமையே கிளம்பி, சென்னையில் இறங்கி, ரயில் ஏறி, வெள்ளிக்கிழமை காலை திண்டுக்கல் ஜங்ஷனில் இறங்கினேன். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் பாண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் பையை வாங்கி வைத்தான், பாப்பா எப்படி இருக்கிறது என்று கேட்டான். நான் இப்போதுதான் பாங்காக்கிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தான்.

"என்னண்ணே சொல்றீக? திங்கக்கெழம வாசல்ல நின்னு கையக் காட்டுனது நீங்கதான? அக்காவத் தூக்கிட்டு வந்து வண்டியில வச்சீகளே" என்றான்.

ஆஸ்பத்திரிவரை கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

ஷகிலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது, ஆனால் ஏழு மாதம் கழித்துப் பார்க்கிறவள் முகம் மாதிரி இல்லை, கடைக்குப் போய்விட்டு லேட்டாக வந்தவனைப் பார்க்கிற முகம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"அந்த ஊதாச் சட்டையில ரத்தம் போச்சா? யானை போட்ட சட்ட, புதுசாட்டம் இருந்துச்சே."

சட்டை என் பைக்குள் மடித்து இருந்தது. நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். திங்கட்கிழமை காலை அவள் அம்மா ஒரு சாவுக்குத் துட்டி கேட்க நத்தம் போயிருக்கிறார். பதினொரு மணி சுமாருக்கு இவளுக்கு அடிவயிற்றில் இழுத்துப் பிடித்து ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, எழுந்து போய்த் திறக்கத் தெம்பில்லை, கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் விழுந்து கிடந்தவளை யாரோ தூக்கினார்கள், பார்த்தால் நான். எப்படி வந்தேன் என்று அவள் யோசிக்கவில்லை. வருவேன் என்று சொல்லியிருந்தேன், வந்துவிட்டேன், அவ்வளவுதான் அவளுக்கு.

இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுத்த பாரத்தைக் கேட்டேன், காட்டினார்கள். கணவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. பழைய கையெழுத்து இல்லை, புதிய பாஸ்போர்ட்டுக்காகச் சுருக்கி மாற்றிக்கொண்ட கையெழுத்து, திண்டுக்கல்லில் அதைப் பார்த்த மனுசர் ஒருவரும் கிடையாது. பக்கத்தில் நேரம் எழுதியிருந்தது, பதினொன்று நாற்பது. தாய்லாந்து நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி. அங்கே ஒன்று பத்து. பிம் வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம்.

நர்ஸம்மா என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கூட்டிப் போனார். உள்ளங்கை அளவு முகம், மூக்கில் சின்னக் குழாய், கை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நான் அழுதுவிட்டேன். முதல் தடவை பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "பொறந்ததும் மொதல்ல கையில வாங்குனதே நீங்கதான் சார், மறந்திட்டீங்களா" என்றார். மற்றதையெல்லாம் விடுங்கள், இது ஒன்றில் மட்டும் எனக்கு இன்றுவரை மனத்தாங்கல். என் பிள்ளையை முதன்முதலில் கையில் வாங்கியது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத், அல்லாஹ் ஒரு மலக்கை, வானவரைத்தான் அனுப்பியிருப்பான், நன்றி செலுத்திவிட்டு விட்டுவிடுங்கள் என்றார். அமீர், என் ஜாடையில் யாரோ ஒரு நல்ல மனுசர் உதவியிருப்பார், அக்கா மயக்கத்தில் ஆளை மாற்றிப் பார்த்திருக்கும் என்றான். சட்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். நான் எதையும் சொல்லவில்லை. சந்தனக்கூட்டுக்கு இப்போதும் போகிறேன், நெய்ச்சோறு வாங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன், அவ்வளவுதான் மாற்றம்.

குழந்தை தேறினாள். நாற்பதாம் நாள் வீட்டுக்குத் தூக்கி வந்தோம், ஸாஜிதா என்று பேர் வைத்தோம். நான் திரும்பிப் போனேன், முத்திரைகள் சரியாக இருந்ததால் ஏர்போர்ட்டில் ஒரு கேள்வியும் இல்லை. பிறகு நாலைந்து வருடம் வருவதும் போவதுமாக இருந்துவிட்டு, ஊரிலேயே தோல் பைகள் தைக்கும் சின்னப் பட்டறை போட்டேன். ஸாஜிதா இப்போது காலேஜுக்குப் போகிறாள், பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் அவள் குரல் தனியாகக் கேட்கும், அம்புட்டுச் சத்தம்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஷகிலா அழுவாள், கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். குழந்தை பிறந்த பிறகு முதல் தடவை கிளம்பியபோது அழவில்லை. அடுத்த தடவையும் அழவில்லை. ஒருநாள் மத்தியானம் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஆட்டோவுல வாரப்ப வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தீக. அப்ப ஒண்ணு சொன்னீக. அதுக்கப்புறம் எனக்குப் பயமே போயிருச்சு" என்றாள்.

என்ன சொன்னேன் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னீக."

"யாரு சொன்னா?"

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள். எனக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், பஸ்ஸில் தூரமாகக் கிளம்பினாலும், வீட்டில் எல்லோரும் பதறுவார்கள், அவள் மட்டும் பதற மாட்டாள். இப்போது இல்லை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.