துளசி தேய்த்த விரல்

வெருகலில் பஸ் நிற்கிறது. பழக்கடை அக்காவின் மாமரத்தில் தேங்காய்ச் சிரட்டை ஒன்று தொங்குகிறது. உள்ளே கசக்கிய துளசி, பூச்சிமருந்துத் தண்ணீர், செத்து மிதக்கும் பழ ஈக்கள்.

நானும் துளசி கசக்குகிறேன். ஒரே நிமிடத்தில் விரலில் மூன்று ஈக்கள்! மறுகையிலிருக்கும் வெட்டிய மாம்பழத்தை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

“வாறது முழுக்க ஆண். தலையில இருக்கிற குட்டிக் கொம்பாலதான் மணம் பிடிக்குதுகள்,” என்கிறார் அக்கா. “ஆண் செத்தா, பெட்டை வைக்கிற முட்டை பொரியாது. போன வருசம் இந்தச் சிரட்டை கட்டேல்ல, என்ர மாங்காய் முழுக்கப் புழு.”

விரலை முகத்தருகே கொண்டுவருகிறேன். கொம்புகள் தெரிகின்றன!

பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அவசரத்தில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறுகிறேன். ஜன்னலால் நான்கைந்து ஈக்கள் வந்து என் நெஞ்சில் குந்துகின்றன.

“சட்டையிலயோ துடைச்சனீங்கள்?” அக்கா கைகொட்டிச் சிரிக்கிறார். “நல்லதாப் போச்சு, அப்பிடியே கூட்டிக்கொண்டு போங்கோ!”