ஹார்டு டிஸ்க்கை அழித்த மதியம்

எங்கள் பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அதற்கென்று ஏசி அறை கட்டினார்கள். எங்கள் வீட்டில் அப்போது ஒரு மேசை விசிறிதான் இருந்தது. கம்ப்யூட்டர் யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பெட்டிதான். ஆனாலும் செருப்போடு உள்ளே போகக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். சட்டம் போட்டவர் அதைத் தொட்டதே இல்லை. தொட்டது அம்மாதான். ஆர்டர் விவரங்களைத் தட்டி முடித்ததும் கைக்குழந்தைச் சட்டைகளுக்குப் படம் வரைவாள். குடை பிடித்த வாத்து, பம்பரம் விடும் யானை. ஒன்றுகூடத் துணியில் ஏறியதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் படங்களைத்தான் நாங்கள் அச்சடிப்போம். அம்மா எழுந்தபின் நான் பாம்பு விளையாட்டு விளையாடுவேன்.

ஒருநாள் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. பாம்பு பாதியில் நின்றது. ஆர்டர் விவரங்களும் திறக்க மறுத்தன. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் மாமாவை, அம்மாவின் தம்பியை, அப்பா வரவழைத்தார்.

மாமா பார்த்துவிட்டு, "சாதா பார்மேட்டுக்கெல்லாம் மசியாதுங்க மச்சான். லோ லெவல் பார்மேட்தான் போடோணும்" என்றார். அப்பா விழித்தார். "காட்டுல வரப்பையுஞ் சேத்தி அழிச்சுப்போட்டுப் புதுசா வரப்புக் கட்டற மாதிரிங்க. உள்ள இருக்கறது ஒண்ணும் மிஞ்சாது. நடுவுல கரண்டு போனா டிஸ்க்கே போச்சு."

படிக்க முடிந்தவற்றை மாமா பிளாப்பிகளில் எடுத்து வைத்தார். கடைசிப் பிளாப்பி கையில் இருக்கும்போது அம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, உன்ற படமெல்லாம்?"

"பொம்மை எதுக்குடா? ஆர்டருக்கே எடம் பத்தாது" என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவசரத்தில் சொன்னார்.

அம்மா மாமாவைப் பார்த்து, "அழிச்சுடு சாமி" என்றாள்.

லைனில் கரண்டு ஏறி இறங்கக் கூடாதென்று அப்பா எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னார். தையல் மிஷின்களும் நிட்டிங் மிஷின்களும் ஓய்ந்தன. பட்டப்பகலில் கம்பெனி அப்படி அமைதியாகி நான் பார்த்ததில்லை. ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பீகாரிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். உள்ளே கறுப்புத் திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அப்பா மின்விளக்கைப் பார்த்துக்கொண்டும் மாமா திரையைப் பார்த்துக்கொண்டும் நின்றார்கள். அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் கரண்டு போய்விடக் கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

கரண்டு போகவில்லை. பெட்டியின் கடகடச் சத்தம் அடங்கி, சீராக முனகத் தொடங்கியது. மாமா சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொழச்சுக்கிச்சுங்க" என்றார். அப்பா வெளியே போய்க் கையைத் தட்டினார். கம்பெனி முழுக்க மறுபடி இரைச்சல் எழுந்தது.

மாமா பாம்பு விளையாட்டை மறக்காமல் ஏற்றிக்கொடுத்தார். நான் துள்ளிக் குதித்து, "இனிமேல் நின்னுக்காதில்லம்மா?" என்றேன்.

"நிக்காது கண்ணு. நல்லா வெளையாடு. இப்ப அதுல நெறைய எடமிருக்குது" என்று சொல்லி, அம்மா நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு, தைத்த துணிகளைச் சரிபார்க்கும் செக்கிங் மேசைக்குப் போனாள்.

அவள் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு இடமும் யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.