அத்தைக்குப் புரியாத கருப்புத் திரை

எங்கள் வீட்டில் கைப்பேசி பொதுச் சொத்து. விருதுநகரில் பருப்பும் மிளகாய் வத்தலும் வாங்கி விற்கிற கமிஷன் கடைக்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. என் போன் அடித்தால் மாமா எடுப்பார். அவர் கடைக்குப் போயிருந்தால் அத்தை எடுப்பார். இருவரும் இல்லாத அபூர்வ நேரங்களில் என் வீட்டுக்காரர் எடுப்பார். அப்புறம் நேரமிருந்தால் என்னிடம் கொடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் எதையாவது பார்த்து நான் லேசாகச் சிரித்துவிட்டால் போதும். "யாரு? என்ன சொல்றாக?" என்று வீடு முழுவதும் அக்கறை பொங்கும்.

கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த இரண்டு தோழிகளுக்கும் இதே மாதிரி ராஜபோகம்தான். ஒருத்தி சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் இருக்கிறாள். லட்சுமிக்குத் தாமரையையும் முருகனுக்கு மயிலையும் கம்ப்யூட்டரில் ஒட்டி வைக்கிற வேலை. வேலை கெட்டுப்போகிறது என்று முதலாளி அங்கே எல்லா கம்ப்யூட்டரிலும் வாட்ஸ்அப்பை முடக்கிவிட்டார். தன்னுடையதில் மட்டும் விட்டு வைத்திருந்தார். தினமும் காலையில் ஊருக்கெல்லாம் ரோஜாப்பூ அனுப்புகிற கடமை அவருக்கு இருந்தது. இன்னொருத்தி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். அங்கே போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சுற்றிலும் வெடிமருந்து இருக்கிற இடம், அதைக் கிண்டல் பண்ண என்னிடம் ஒன்றுமில்லை.

வழி கண்டுபிடித்தவள் காலண்டர்காரி. எங்கோ ஒரு சின்ன சர்வரைப் பிடித்து, டெர்மினலில் ஓடுகிற ஒரு சாட் நிரலை மூன்று பேர் கம்ப்யூட்டரிலும் போட வைத்தாள். கருப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். படம் கிடையாது, முகபாவப் பொம்மை கிடையாது, படித்தாளா படிக்கவில்லையா என்று காட்டிக்கொடுக்கிற நீலக் கோடு கிடையாது. உள்ளே போக ஒரு பெயர் வேண்டும். அவள் சங்குசக்கரம் ஆனாள், பண்ணைக்காரி புஸ்வாணம் ஆனாள், நான் ஊசிவெடி. மூன்று வருடம் படித்த படிப்பு முதன்முறையாக எங்கள் சொந்தக் காரியத்துக்குப் பயன்பட்டது.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். கூடத்தில் ஜன்னல் ஓரமாக எனக்கு ஒரு மேசை. அதன் பின்னால்தான் அத்தையின் நாற்காலி. மதியத்தில் அவர் அங்கே உட்கார்ந்து வத்தல் காம்பு கிள்ளுவார், வெங்காயம் உரிப்பார், மூக்குக் கண்ணாடி வழியாக என் முதுகைக் கண்காணிப்பார். வெள்ளைத் திரை தெரிந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். கருப்புத் திரை தெரிந்தாலோ வீடே அடங்கிவிடும்.

"சத்தம் போடாதீக. மருமக கோடு அடிக்கா," என்று வந்தவர்களை வாசலிலேயே அமர்த்துவார். எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் காப்பியோடு என் திரையும் காட்டப்படும். "எம்புட்டு வேகமா அடிக்கா பாத்தீகளா!" அந்த நேரத்தில் நான், இன்று வைத்த சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும் என்று சங்குசக்கரத்துக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

இதில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. டெர்மினலுக்குத் தமிழ் ஒழுங்காகக் காட்டத் தெரியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கால் தனியாகக் கழன்று கிடக்கும். நடுநடுவே வெறும் புள்ளி வட்டங்கள். எங்களுக்கே பழக ஒரு மாதம் ஆனது. பழகிய பின், வேறு எவரும் படிக்க முடியாத ஒரு மொழி எங்களுக்கென்று கிடைத்துவிட்டதாக மிதப்பில் இருந்தோம். என் பாட்டுக்கு எழுதினேன். மாமாவின் குறட்டை, வீட்டுக்காரரின் ஈரத்துண்டு, அத்தையின் வலதுகால் வலி வேலை வரும் நேரத்தில் மட்டும் இடதுகாலுக்கு மாறுகிற அதிசயம், எல்லாம் பச்சை எழுத்தில் மேலே ஏறிப் போயின.

அப்போதுதான் புஸ்வாணத்துக்கு ஒரு பிரச்சினை வந்தது. அவள் கம்பெனியில் பழைய மேனேஜர் விலகவும் அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் புருஷன் அதே கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுபவர். நல்ல மனிதர், வாயைத் திறக்க மாட்டார். திறந்தது அவள் மாமியார்தான். புருஷன் பெட்டி சுமப்பானாம், பொண்டாட்டி நாற்காலியில் இருந்து கையெழுத்துப் போடுவாளாம், ஊர் சிரிக்காதா? சீசன் முடிந்ததும் வேலையையே விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

நாங்கள் இருவரும் அவளுக்கு வீர ஆலோசனை வழங்கினோம். உன் உரிமையை விடாதே, நேருக்கு நேர் நின்று பேசு, உன் வாழ்க்கை உன் கையில் என்றெல்லாம் எழுதினோம். எழுதிய ஊசிவெடி, அம்மா வீட்டுக்கு ஒரு நாள் போய்வர மூன்று பேரிடம் அனுமதி வாங்குகிறவள். சங்குசக்கரம் முடியை வெட்டிக்கொண்டதை மறைக்க மாதக்கணக்காகச் சவுரி வைத்துப் பின்னியவள். புஸ்வாணம் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "சரி, பாக்குறேன்" என்று எழுதுவாள். மறுநாளும் அதே அழுகை, அதே ஆலோசனை, அதே "சரி, பாக்குறேன்." வாரக்கணக்கில் இப்படியே ஓடியது.

ஒரு மதியம், "மாமியாரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்" என்று நான் பத்தாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏத்தா, அப்படிச் சொல்லச் சொல்லாத. அவ மாமியா வீம்புக்காரி. சொன்னா இன்னும் இறுக்கிருவா."

என் விரல்கள் அப்படியே நின்றன. திரும்பிப் பார்த்தேன். அத்தை வத்தலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எ... எதைச் சொல்றீக அத்தை?"

"புஸ்வாணத்தச் சொல்லுதேன். பாவம், ரெண்டு மாசமா ஒரே எடத்துல நிக்கி. நீயும் அந்தச் சங்குசக்கரமும் சொன்னதயே சொல்லிக்கிட்டு இருக்கீக."

"இது... எழுத்தே ஒடஞ்சு ஒடஞ்சு இருக்குமே அத்தை. எப்படி வாசிச்சீக?"

"கொம்பு தள்ளி நின்னா வாசிக்கத் தெரியாதா? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு அடிச்சாகளே பத்திரிகை, அதவிட இது தேவல."

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "எப்பருந்து?"

"தொடக்கத்துலருந்துதான். சாம்பார்ல பருப்பு இல்லனு எழுதுன. சரினு மறுநா ஒரு கை கூடப் போட்டேன். களி மாதிரி இருக்குனு அதுக்கும் எழுதுன. நான் என்னதான் செய்ய?"

நிலம் பிளக்கவில்லை. விருதுநகரில் அந்த வசதி கிடையாது. நான் அவசரமாகத் திரையை மூடப் போனேன். அத்தை அதைப் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை. நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"கால்வலிய எழுதுனியே, அது மட்டும் பொய். ரெண்டு காலும்தான் வலிக்கி. அது கெடக்கு. புஸ்வாணத்து மாமியாளுக்கு ஊரு எது? பண்ணையேதானா? எப்பவாச்சும் இருக்கன்குடி கோயிலுக்கு வருவாளா? கேளு."

கேட்டேன். புஸ்வாணம் ஒன்றும் புரியாமல், வருகிற வெள்ளிக்கிழமை மாவிளக்குப் போட வருகிறார்கள் என்று பதில் போட்டாள். அத்தையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வாரக்கணக்கில் நகராத தொடரை இனித் தானே எடுத்து நடத்தப் போகிற சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை சாத்தூர் வழியாக பஸ் மாறி இருக்கன்குடிக்குப் போனோம். மாரியம்மன் சன்னதியில் கூட்டம் நெரித்தது. எந்த மண்டபம், எந்தத் தூண் என்பதெல்லாம் முதல்நாளே கருப்புத் திரையில் முடிவாகியிருந்தது. சொன்ன தூணருகே புஸ்வாணம் வெளிறிப்போய் நின்றாள். பக்கத்தில் அவள் மாமியார், மாவிளக்குத் தட்டும் விறைத்த முகமுமாக.

என் அத்தை தற்செயலாகப் போய் அவர் மேல் மோதினார். அந்தத் தற்செயலுக்கு இரண்டு முறை கூட்டத்தைச் சுற்றிவர வேண்டியிருந்தது.

"நீங்க பண்ணைதான? மேனேஜரம்மா மாமியாரு நீங்கதான?"

அந்த அம்மாள் திகைத்தார். "ஆமா... ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீக! விருதுநகரு பூராம் இதான பேச்சு. பட்டாசுக் கம்பெனிக்கே ஒரு பொம்பள மேனேஜராம், அம்புட்டுப் பேரும் அவ கையெழுத்துக்குத்தான் நிக்காகளாம், அப்படி மருமகள அனுப்பி வச்ச மாமியா யாருனு பாக்கணும்னு நெனச்சேன். ஆத்தா கண்ணுல காட்டிட்டா. என் மருமகளும் இருக்காளே, வீட்டுக்குள்ள ஒக்காந்து கருப்பா எதையோ தட்டிக்கிட்டு."

கடைசி வரி கதைக்குத் தேவைதானா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அந்த அம்மாளின் முகம் கண்ணெதிரே இளகியது. முதுகு நிமிர்ந்தது. "ஏதோ நம்மளால முடிஞ்சது. படிச்ச புள்ளய வீட்டுல பூட்டி வைக்கப்படாதுல்ல," என்றார். புஸ்வாணம் தூணைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று நான் அம்மனைப் பார்த்து உருகி வேண்டிக்கொண்டேன். மாவிளக்கில் பாதியை எங்களுக்குப் பிட்டுக் கொடுத்து, வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டுத்தான் அவர் எங்களை விட்டார்.

உரிமை, வாழ்க்கை என்று நாங்கள் அடித்துத் தள்ளியதெல்லாம் அசைக்க முடியாததை ஒரு பச்சைப் புளுகு முடித்து வைத்தது. புஸ்வாணம் இப்போதும் மேனேஜர். லோடுச் சீட்டில் அவள் கையெழுத்துப் போட, அவள் புருஷன் லாரியில் ஏற்றுகிறார். இருவரும் ஒரே வேனில் வீடு திரும்புகிறார்கள். அவருக்கு இதில் முதலிலிருந்தே வருத்தமில்லையாம், எவரும் கேட்காததால் சொல்லவில்லையாம். அவள் மாமியார் மதியச் சாப்பாட்டைத் தானே தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வருகிறார். கொடுத்துவிட்டு உடனே போவதில்லை. வாட்ச்மேனிடம் அரை மணி நேரம், மேனேஜர் தன் மருமகள்தான் என்று விளக்கிவிட்டுத்தான் போகிறார்.

எங்கள் கருப்புத் திரையில்தான் பேச்சு முன்போல் இல்லை. உள்ளே வந்ததும் சங்குசக்கரம், "அத்தை இருக்காங்களா?" என்று கேட்ட பிறகே தன் முதலாளியைத் திட்ட ஆரம்பிக்கிறாள். அத்தை எப்போதும் இருக்கிறார். நேற்று சங்குசக்கரம் தனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எழுதினாள். நான் பதில் அடிக்க விரலை எடுப்பதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏத்தா, மாப்பிள எந்த ஊருனு கேளு," என்றார் அத்தை. "சட்டுனு அடி. கேட்டுட்டுத்தான் நான் சோத்துக்கு ஒலை வைக்கணும்."